எதிராளிக்கு ஒரு நாற்காலி

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே நியூ ஜெர்சியில் இரவு எட்டு மணி. டெக்சாஸ் நண்பர்களுக்கு ஏழு, விரிகுடாப் பகுதியில் இருப்பவர்களுக்கு ஐந்து. ஊரிலிருந்து பார்ப்பவர்கள் காலைக் காப்பியோடு உட்கார்ந்திருப்பீர்கள். நேரம் ஒதுக்கி வந்த எல்லாருக்கும் நன்றி.

இந்த மேடையில் வழக்கமாக நாவலும் கவிதையும் பேசப்படும். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது கல்லூரியில் முதலாண்டில் எழுதச் சொல்லும் வாதக் கட்டுரை. அதிலும் குறிப்பாக, கட்டுரைக்கு முன்னால் போடும் சட்டகம். பிள்ளைகள் அவுட்லைன் என்பார்கள். இதற்கு ஓர் இலக்கிய மேடையா என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். வாதம் செய்வதற்கும் தமிழில் நூல் மரபு உண்டு, அதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இதைக் கேட்பவர்களில் இரண்டு வகையினரை மனத்தில் வைத்திருக்கிறேன். ஒன்று, பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு அது ஏன் ஆறு பக்கக் கட்டுரைக்கு மூன்று வாரம் தவிக்கிறது என்று புரியாத பெற்றோர். இரண்டாவது, என்னைப் போன்ற டிப்ளமா நர்ஸ்கள். 2010இல் அமெரிக்க மருத்துவக் கழகமான இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2020க்குள் நர்ஸ்களில் 80 சதவீதம் பேர் பட்டதாரிகளாக இருக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. 2017இல் நியூயார்க் மாநிலம் சட்டமே கொண்டுவந்தது. புதிதாக வரும் நர்ஸ் பத்து ஆண்டுக்குள் பட்டம் பெற வேண்டும். இதன் விளைவாக இருபது வருடம் வார்டில் நின்ற பெண்கள் நாற்பதிலும் ஐம்பதிலும் கல்லூரி வகுப்புக்குப் போகிறார்கள். அவர்களுக்கு உடற்கூறியல் பயமில்லை. இங்கிலீஷ் காம்போசிஷன்தான் பயம்.

என்னோடு வேலை பார்க்கும் ஓர் அக்கா கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு ஆன்லைனில் பி.எஸ்.என். படிக்கிறார். வாதக் கட்டுரைக்குச் சொந்தமாகத் தலைப்பு எடுக்கலாம் என்றதும், நர்ஸ்களின் பணிச்சுமையை எடுத்தார். நான்கு பக்கம் எழுதினார். ஒவ்வொரு வரியும் உண்மை. ஒரே ஆள் எத்தனை பேரைப் பார்ப்பது, மருந்து கொடுக்கும் நேரத்தில் இன்னொரு அறையில் மணி அடிப்பது, தண்ணீர் குடிக்க மறந்து போவது. பேராசிரியை ஓரத்தில் ஒரு கேள்விதான் எழுதியிருந்தார்: இதை யார் மறுப்பார்?

அக்காவுக்கு வருத்தம். "நான் சொன்னது பொய்யா பிள்ளே?" என்றார். "இல்லக்கா. நீங்க என்ன வேணும்னு கேக்குறீங்க? அது இதுல எங்க இருக்கு?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார். வாதக் கட்டுரையின் முதல் சிக்கல் இதுதான். நமக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரிந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

தலைப்பு வேறு, கோரிக்கை வேறு. 'நர்ஸ்களின் பணிச்சுமை' என்பது தலைப்பு. 'நியூ ஜெர்சி மருத்துவமனைகளில் சாதாரண வார்டில் ஒரு நர்ஸுக்கு ஐந்து நோயாளிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று சட்டம் வேண்டும்' என்பது கோரிக்கை. ஆங்கிலத்தில் தீசிஸ் என்பது இதைத்தான். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே ஒரு சோதனை போதும்: நல்ல மனமும் அறிவும் உள்ள ஒருவர் 'வேண்டாம்' என்று சொல்ல இடமிருக்கிறதா? 'பணிச்சுமை கொடியது' என்பதற்கு யாரும் வேண்டாம் சொல்ல மாட்டார்கள், ஆகவே அங்கே வாதமே இல்லை. 'ஐந்துக்கு மேல் கூடாது, அதுவும் சட்டமாக' என்றதும் நிர்வாகி நிமிர்ந்து உட்கார்வார். அவர் நிமிர்ந்த இடத்தில்தான் கட்டுரை தொடங்குகிறது.

இந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு, சட்டகம் எப்படி வளர்கிறது என்று பார்ப்போம்.

முதலில் சான்று. கலிபோர்னியா 1999இல் ஏ.பி. 394 என்ற சட்டத்தை இயற்றியது. அது 2004 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சாதாரண மெடிக்கல் சர்ஜிக்கல் வார்டில் முதலில் ஒரு நர்ஸுக்கு ஆறு நோயாளி, 2005இலிருந்து ஐந்து. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு. விரிகுடாப் பகுதியில் வேலை செய்யும் தோழிகளுக்கு இது தினசரி வாழ்க்கை. நமக்கு இங்கே அது பக்கத்து வீட்டுச் சமையல் வாசனை.

அடுத்து ஆய்வு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லிண்டா எய்க்கனும் அவர் குழுவினரும் 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகள், இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சை நோயாளிகள். ஒரு நர்ஸின் கையில் ஒரு நோயாளி கூடும்போது, சேர்க்கப்பட்ட முப்பது நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு ஏழு சதவீதம் கூடுதலாக இருந்தது. அதே குழு 2010இல் கலிபோர்னியாவை நியூ ஜெர்சியோடும் பென்சில்வேனியாவோடும் ஒப்பிட்டது. நியூ ஜெர்சியின் அறுவை சிகிச்சை வார்டுகளிலும் கலிபோர்னியாவின் விகிதம் இருந்திருந்தால், அங்கே நிகழ்ந்த மரணங்கள் 13.9 சதவீதம் குறைந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

அக்காவுக்கு இந்த எண்களைக் காட்டியதும் முகம் மலர்ந்துவிட்டது. கட்டுரை முடிந்தது என்றே நினைத்தார். இந்த இடத்தில்தான் நாம் கொஞ்சம் மணிமேகலைக்குப் போக வேண்டும்.

மணிமேகலையின் இருபத்தொன்பதாவது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல் சொல்லிக் கொடுக்கிறார். வாதத்துக்கு அங்கே ஐந்து உறுப்பு: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். உதாரணம் மலையும் புகையும். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நம் கோரிக்கை. புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். இந்த மலையிலும் புகை இருக்கிறதே என்று பொருத்திக் காட்டுவது உபநயம். ஆகவே நெருப்பு உண்டு என்று முடிப்பது நிகமனம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அடுக்களை. புகையைப் பார்த்தால் போதாது. புகைக்கும் நெருப்புக்கும் உள்ள தொடர்பை நீயும் நானும் ஏற்கெனவே ஓரிடத்தில் கண்டிருக்கிறோம் என்று எதிரே இருப்பவருக்குக் காட்ட வேண்டும். 1958இல் ஸ்டீபன் டூல்மின் என்ற பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் வாதத்தின் உறுப்புகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அமெரிக்கக் கல்லூரிகளில் இன்றும் அதை வைத்துத்தான் பலர் வாதக் கட்டுரை கற்பிக்கிறார்கள். கோரிக்கை, சான்று, இரண்டையும் இணைக்கும் வாரண்ட் என்பார் அவர். நான் அதைப் பாலம் என்று சொல்லிக்கொள்கிறேன். நம் பிள்ளைகளின் கட்டுரைகளில் சான்று இருக்கும், கோரிக்கையும் இருக்கும். நடுவில் பாலம் இருக்காது. படிப்பவர் தாவிக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள்.

அக்காவின் கட்டுரையில் பாலம் எது? 'நர்ஸுக்கு நோயாளி குறைந்தால், நிலைமை மோசமாவதை அவள் சீக்கிரம் கண்டுபிடிப்பாள். சீக்கிரம் கண்டால் காப்பாற்ற நேரம் கிடைக்கும்.' நர்ஸுக்கு இது மூச்சு விடுவது போல. வெளியே இருப்பவருக்கு எழுதிக் காட்டினால்தான் உண்டு. எழுதிக் காட்டும்போதுதான் பாலத்தில் எங்கே பலகை ஆடுகிறது என்றும் தெரியும். அதிக நர்ஸ் வைக்கும் மருத்துவமனை பணக்கார மருத்துவமனையாகவும் இருக்கலாமே? நல்ல கருவிகள் இருப்பதால் மரணம் குறைந்திருக்கலாமே? ஆய்வாளர்கள் மருத்துவமனையின் அளவு, தொழில்நுட்பம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் சொன்னார்கள். ஆனாலும் அது காட்டுவது தொடர்பை. ஆகவே சட்டகத்தில் 'நிரூபித்துவிட்டது' என்று எழுதாமல் 'வலுவான தொடர்பைக் காட்டுகிறது' என்று எழுத வேண்டும். மணிமேகலையிலும் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று பிழைபட்ட வாதங்கள் தனியே விரித்துச் சொல்லப்பட்டிருக்கின்றன. சரியான வாதத்தோடு போலியையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்த மரபு நம்முடையது.

இனி, கட்டுரையின் கடினமான பகுதி. எதிராளி.

நமக்குப் பட்டிமன்றம் பழக்கம். எனக்கும் பிடிக்கும். ஆனால் பட்டிமன்றத்தில் அணி முதலிலேயே பிரிக்கப்பட்டுவிடுகிறது. எதிரணியைக் கிண்டல் செய்தால் கைதட்டல் கிடைக்கும். தீர்ப்புச் சொல்ல நடுவர் ஒருவர் தனியே இருக்கிறார். வாதக் கட்டுரையில் இரண்டு அணியும் நாம்தான், நடுவரும் நாம்தான். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி போட்டு, நம்மை மறுப்பவரில் மிகச் சிறந்தவரை அதில் உட்கார வைக்க வேண்டும். பலவீனமான ஆளை உட்கார வைத்து வீழ்த்தினால் அது படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

அந்த நாற்காலியில் உட்கார ஆள் இருக்கிறார்கள். 2018இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நர்ஸ் விகிதத்தைச் சட்டமாக்கலாமா என்று வாக்காளர்களிடமே கேட்டார்கள். சுமார் எழுபது சதவீதம் பேர் வேண்டாம் என்று சொன்னார்கள். அதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நர்ஸ்களின் ஒரு சங்கம் அதைக் கொண்டுவந்தது, நர்ஸ்களின் இன்னோர் அமைப்பு அதை எதிர்த்தது. எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்கள் இவை: செலவு தாங்காமல் சிறிய மருத்துவமனைகள் சேவைகளை மூட நேரும், விகிதத்துக்கு ஆள் இல்லையென்றால் அவசரப் பிரிவில் நோயாளி காத்துக்கிடப்பார், எந்த நோயாளிக்கு எவ்வளவு கவனிப்பு என்பதை எண் தீர்மானிக்கக் கூடாது, அனுபவமுள்ள நர்ஸ் தீர்மானிக்க வேண்டும். கடைசிக் காரணத்தை என்னால் எளிதில் ஒதுக்க முடியவில்லை. நான்கு பேர் இருந்தும் மூச்சு முட்டும் இரவு உண்டு, ஆறு பேர் இருந்தும் அமைதியான இரவு உண்டு.

டெக்சாஸ் இன்னொரு வழியில் போனது. 2009இல் அந்த மாநிலம் இயற்றிய சட்டத்தில் எண் கிடையாது. மருத்துவமனைகள் நர்ஸ்கள் இடம்பெறும் குழுவை அமைத்து, அந்தக் குழுவின் கருத்தைக் கேட்டுப் பணியாளர் திட்டம் போட வேண்டும். எண் வேண்டும் என்பவருக்கும் எதுவும் வேண்டாம் என்பவருக்கும் நடுவே நிற்கும் மூன்றாவது நிலைப்பாடு இது. நல்ல சட்டகத்தில் இதற்கும் ஒரு வரி இருக்க வேண்டும்.

எதிராளியை உட்கார வைத்துவிட்டோம். அவரை என்ன செய்வது? இதற்கு நன்னூலிடம் பதில் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கண நூல் அது. அதன் பாயிரத்தில் நூல் எழுதுபவன் கொள்ளக்கூடிய ஏழு மதங்கள் சொல்லப்படுகின்றன. மதம் என்றால் இங்கே சமயம் இல்லை, கொள்கை. பிறர் சொன்னதற்கு உடன்படுவது ஒன்று. மறுப்பது ஒன்று. முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது ஒன்று. தானே ஒன்றை நாட்டி அதைக் கடைசிவரை நிலைநிறுத்துவது ஒன்று. இருவர் மாறுபடும்போது ஒரு பக்கத்தைத் துணிவது ஒன்று. பிறர் நூலில் உள்ள குற்றத்தைக் காட்டுவது ஒன்று. யாரோடும் சேராமல் தன் கொள்கையில் நிற்பது ஒன்று.

நம் பிள்ளைகளுக்கு இந்த ஏழில் ஒன்றுதான் தெரிகிறது, மறுப்பது. பட்டியலில் முதலில் நிற்பதோ உடன்படுவது. அக்காவின் சட்டகத்தில் நாங்கள் இப்படிப் பிரித்தோம். எண் மட்டும் போதாது, நோயாளியின் நிலையும் பார்க்க வேண்டும் என்பதற்கு உடன்பாடு. ஆகவே ஐந்து என்பது மேல் எல்லை; நோயாளியின் நிலை மோசமானால் அதற்கும் கீழே போக வேண்டும். செலவு கூடும் என்பதை ஏற்றுக்கொண்டு, அதற்கு வழி சொல்வது அடுத்தது. கலிபோர்னியாவே ஒரே நாளில் ஐந்துக்கு வரவில்லை, ஆறில் தொடங்கித்தான் ஐந்துக்கு வந்தது. அங்கேயும் 2004 இறுதியில் ஷ்வார்ஸ்நெக்கர் அரசு அந்த இரண்டாம் கட்டத்தைத் தள்ளிப்போட முயன்றது, நீதிமன்றம் தடுத்தது. குழு போதும் என்ற டெக்சாஸ் வழிக்கு மறுப்பு: திட்டம் போட்ட குழு நள்ளிரவில் வார்டில் இருப்பதில்லை. ஆள் குறையும்போது 'முடியாது' என்று சொல்ல நர்ஸின் கையில் பிடிமானமாக ஓர் எண் வேண்டும்.

இப்போது பாருங்கள், கோரிக்கையே மாறிவிட்டது. 'ஐந்துக்கு மேல் கூடாது' என்று தொடங்கியது, 'ஐந்து என்ற மேல் எல்லையைப் படிப்படியாக, சிறிய மருத்துவமனைகளுக்குக் கூடுதல் அவகாசத்தோடு சட்டமாக்க வேண்டும்' என்று வந்து நிற்கிறது. எதிராளிக்குக் கொஞ்சம் இடம் கொடுத்ததால் வாதம் பலவீனமாகவில்லை. நிர்வாகி உட்கார்ந்து படிக்கக்கூடிய வாதமாகிவிட்டது.

நான் கிறிஸ்தவச் சபையில் வளர்ந்தவள். மூன்று தலைப்பாகப் பிரித்துப் பிரசங்கம் கேட்டுப் பழகிய காது. ரோமருக்கு பவுல் எழுதிய நிருபத்தைக் கட்டுரை எழுதும் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். தன்னை மறுப்பவர் என்ன கேட்பாரோ அந்தக் கேள்வியை அவரே எழுப்புகிறார், அதற்கு அவரே பதில் சொல்கிறார், மறுபடி அடுத்த கேள்வி. விசுவாசம் இருப்பவர்கள் விசுவாசத்துக்காக வாசிக்கலாம். மற்றவர்கள் எதிராளிக்கு நாற்காலி போடும் முறைக்காகவும் வாசிக்கலாம்.

நர்ஸ்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். உங்களுக்குச் சட்டகம் போடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. இரவு மூன்று மணிக்கு டாக்டரைத் தொலைபேசியில் எழுப்பும்போது எஸ்பார் முறையில்தானே பேசுகிறோம்? நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என் பரிந்துரை. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தோன்றி, கைசர் பெர்மனன்டே மூலம் மருத்துவமனைக்கு வந்த முறை அது. தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஒருவரை இரண்டு நிமிடத்தில் ஒரு முடிவுக்குக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. அதில் பரிந்துரை கடைசியில் வரும். கல்லூரிக் கட்டுரையில் அதைத் தூக்கி முதல் பத்தியின் கடைசி வரியில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். அக்காவுக்கு இதைச் சொன்னபோது, "அட, இதைத்தானா இவ்வளவு பெரிசா சொல்லிட்டிருந்தாங்க" என்றார்.

சரி, தாளில் என்ன இருக்க வேண்டும்? ஒரே பக்கம், ஏழு வரி.

ஒன்று, கேள்வி. இரண்டு, ஒரே வாக்கியத்தில் கோரிக்கை. மூன்று, அதற்கு இரண்டு அல்லது மூன்று காரணம். நான்கு, ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு சான்று, அது எங்கே கிடைத்தது என்ற குறிப்போடு. ஐந்து, சான்றுக்கும் காரணத்துக்கும் நடுவே பாலம். ஆறு, எதிராளியின் மிக வலுவான வாதம், அவரே படித்தால் 'ஆமாம், நான் சொன்னது இதுதான்' என்று ஒப்புக்கொள்ளும் வார்த்தையில். ஏழு, அதில் எதை ஏற்கிறேன், எதை மறுக்கிறேன், அதனால் என் கோரிக்கையில் என்ன மாறுகிறது.

எதிராளியைக் கட்டுரையில் எங்கே வைப்பது என்று பிள்ளைகள் கேட்பார்கள். பொதுவாக, நம் காரணங்களுக்குப் பிறகு, முடிவுரைக்கு முன்னால். படிப்பவர் மனத்தில் மறுப்பு முதலிலேயே எழும் தலைப்பு என்றால், முன்னால் கொண்டுவந்துவிடலாம். தாளில் இருப்பதால் இடம் மாற்றுவது எளிது, எழுதி முடித்த ஆறு பக்கத்தில் அது பெரும் பாடு. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் என்று மூன்று உண்டு. சட்டகம் இல்லாத கட்டுரைகளில் நான் பார்ப்பது பெரும்பாலும் இந்த மூன்றையும்தான். வீராவேசமாகத் தொடங்கும், நடுவில் வேறு எங்கோ போகும், கடைசியில் காற்றுப் போன பலூனாக முடியும்.

இன்று சாட்ஜிபிடியிடம் கேட்டால் பத்து விநாடியில் சட்டகம் கொடுத்துவிடும். பெற்றோரும் அதையே கேட்கிறார்கள், பிறகு ஏன் பிள்ளை உட்கார்ந்து போட வேண்டும் என்று. நான் மறுத்துப் பேசப் போவதில்லை. அது கொடுக்கும் சட்டகம் பார்க்க ஒழுங்காகவே இருக்கும். ஆனால் ஏழாவது வரி உங்களுடையதாக இருக்காது. எதை விட்டுக்கொடுப்பேன், எதை விடமாட்டேன் என்று தீர்மானிக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் பிள்ளை தன் கருத்து என்ன என்று கண்டுபிடிக்கிறது. அதைக் கடன் வாங்கினால் மதிப்பெண் கிடைக்கலாம், கருத்து கிடைக்காது. பிறகு வகுப்பில் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

இது மதிப்பெண் விஷயம் மட்டுமல்ல என்பதால்தான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன். 2023 ஆகஸ்ட் மாதம் நியூ பிரன்ஸ்விக் நகரின் ராபர்ட் வுட் ஜான்சன் பல்கலைக்கழக மருத்துவமனையில் சுமார் 1,700 நர்ஸ்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். டிசம்பர் வரை அது நீடித்தது. அவர்களின் முக்கியக் கோரிக்கை, ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்பதுதான். நியூ ஜெர்சி சட்டமன்றத்தில் இந்த விகிதத்துக்கான மசோதாக்கள் பல ஆண்டுகளாக முன்வைக்கப்பட்டு வருகின்றன. அந்தக் கூட்டங்களில் சாட்சி சொல்ல ஒருவருக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும். அந்தப் பக்கத்தில் மருத்துவமனைகளுக்காகப் பேச, எழுதத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். இந்தப் பக்கத்தில் எல்லாம் தெரிந்த ஒரு நர்ஸ் எழுந்து, எதைக் கேட்க வந்தோம் என்று சொல்லாமல் அழுதுவிட்டு உட்கார்ந்தால், அவள் கண்டது யாருக்கும் போய்ச் சேராது. படுக்கையில் இருக்கும் நோயாளி அந்தக் கூட்டத்துக்கு வர முடியாது. அவருக்காக அங்கே போகக்கூடியது, ஒழுங்காகக் கட்டப்பட்ட ஒரு வாதம் மட்டும்தான்.

அக்கா தன் கட்டுரையைப் போன வாரம் கொடுத்துவிட்டார். மதிப்பெண் இன்னும் வரவில்லை. ஆனால் எங்கள் வார்டுக் கூட்டத்தில் அவர் ஒரு தாளோடு வந்தார். ஒரு பக்கம், ஏழு வரி. ஆறாவது வரியை மேலாளரைப் பார்த்துப் படித்தார்: "நீங்க சொல்றது இதுதானே?" மேலாளர், ஆமாம் என்றார். பிறகு ஏழாவது வரிக்குப் போனார். அன்று எதுவும் முடிவாகவில்லை. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அது முதல் பொருளாக இருக்கிறது.

பிள்ளைகள் யாராவது பக்கத்தில் இருந்தால், இன்று இரவே தங்கள் தலைப்பை எடுத்து ஆறாவது வரியை மட்டும் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். மற்ற ஆறும் நாளைக்கு எழுதிக்கொள்ளலாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மறுப்பு இருந்தால் அதை முதலில் கேளுங்கள்.